காத்துப் பை

அது எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப் போவதில்லை. இலங்கையின் ஊவா மலையில் அந்தக் காலத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் எங்களுக்கு ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கும். எழுபதுகளின் கடைசி. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. வாய் நீளம் என்று பெயர் மட்டும் ஆகியிருந்தது. என் அக்கா அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். அவள் புருஷன், என் மச்சான், தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரங்களில் ஏறிக் கிளை வெட்டுகிறவர். ஒரு நாள் காலையில் வெட்டிய கிளையோடு அவரும் சேர்ந்து வந்துவிட்டார். கீழே பாறை இருந்தது.

தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்குகளை இறக்கிவிட்டு அவரை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. டாக்டர் சிங்களவர், சின்ன வயது. மச்சானின் வாய் வழியாகத் தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்கி, அதன் வெளி நுனியில் கறுப்பு ரப்பர் பை ஒன்றைப் பொருத்தினார். பையை அமுக்கினால் நெஞ்சு எழும்பும், விட்டால் இறங்கும். தானாக மூச்சுக் கொடுக்கும் மிஷின் அங்கே கிடையாது, கண்டியில்தான் இருந்தது. கண்டிக்கு டெலிபோன் எடுத்தார்கள். மிஷினில் வேறு ஒருவர் இருக்கிறார், காலியானதும் சொல்கிறோம் என்று பதில் வந்தது. காலியாவது என்றால் என்ன அர்த்தம் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

வார்டில் ஒரு மிஸ்ஸி, ஒரு அட்டெண்டன். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். கட்டில் கிடைக்காதவர்கள் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் ஓயாமல் பை அமுக்க அவர்களால் முடியுமா? சொந்தக்காரர்களே அமுக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களில் சிங்களம் சரளமாகப் பேசத் தெரிந்தவள் நான்தான். அதனால் அன்றிலிருந்து டாக்டரின் வாயும் நானே, அக்காவின் வாயும் நானே.

காத்துப் பை என்று அதற்குப் பெயர் வைத்தது எங்கள் ஆட்கள். தோட்டத்து யூனியன் தலைவர் விஷயத்தைக் கையில் எடுத்தார். விடிந்ததும் கங்காணி பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில், காத்துப் பைக்கும் ஆள் பிரித்தார்கள். இன்னார் கொழுந்துக்கு, இன்னார் புல்லு வெட்ட, இன்னார் காத்துப் பைக்கு. பைக்குப் பிரிக்கப்பட்டவர்கள் முதல் பஸ்ஸில் வருவார்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கட்டிலருகே உட்காருவார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி நான் ஆயிரம் குறை சொல்லுவேன். குடிப்பார்கள், ஊர் வம்பு பேசுவார்கள், ஒருவன் நன்றாக இருந்தால் பொறுக்கமாட்டார்கள். ஆனால் அந்த முறையை ஒருவர்கூடத் தவறவிடவில்லை என்பதையும் நான்தான் சொல்லியாக வேண்டும்.

முதலில் வந்த பெண்கள் கொழுந்து பறிக்கிற வேகத்தில் அமுக்கினார்கள். வேகமாக அமுக்கினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைப்பு. மிஸ்ஸி ஓடி வந்து கத்தினாள். பிறகு அவளே ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள்: நீ மூச்சை இழுக்கும்போது பையை அமுக்கு, நீ விடும்போது விடு. அது நன்றாகப் படிந்துவிட்டது. தொல்லை என்னவென்றால், முறை முடிந்து எழுந்த பிறகும் மூச்சு இழுக்கும்போதெல்லாம் கை தானாக மூடும். பஸ்ஸில் உட்கார்ந்து வெறுங்கையை மூடி மூடித் திறந்துகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அக்கா மட்டும் பையைத் தொடுவது குறைவு. அவள் மச்சானின் முதுகைத் துடைப்பாள், காலுக்கு எண்ணெய் போடுவாள், குழாயைக் கட்டியிருந்த பிளாஸ்திரியைச் சுற்றிப் பார்த்துப் பார்த்துச் சவரம் செய்துவிடுவாள். அவர் மேல் அவளுக்கு உயிர். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் பொண்டாட்டி மேல் கை நீட்டாத ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் அவர் ஒருவர். தோட்டத்திலிருந்து வருகிறவர்களெல்லாம் கண் அசைந்ததா, விரல் அசைந்ததா என்று கேட்பார்கள். நேற்று அசைந்த மாதிரி இருந்தது என்று யாராவது சொல்வார்கள். அக்கா ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை.

சில நாள் கழித்து டாக்டர் என்னையும் அக்காவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மச்சானின் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்ததாகவும் கண்மணி சுருங்கவே இல்லை என்றும் சொன்னார். மூளை போய்விட்டது. பையால்தான் நெஞ்சு இன்னும் துடிக்கிறது. பையை நிறுத்தினால் தானாக மூச்சு விடமாட்டார். கண்டி மிஷின் கிடைத்தாலும் இனிப் பிரயோசனமில்லை. நான் ஒவ்வொன்றாக அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப என்னா செய்யணுமாம்?" என்று அக்கா கேட்டாள்.

அதைச் சிங்களத்தில் கேட்டேன். டாக்டர் தரையைப் பார்த்தார். "நிறுத்து என்று நான் சொல்ல முடியாது. நிறுத்தாதே என்றும் சொல்லமாட்டேன். உங்கள் விருப்பம்" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிறந்ததிலிருந்து எங்கள் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. எந்த மலையில் வேலை, லயத்தில் எந்தக் காம்பரா அறையில் குடி, யாருக்குப் பிரஜாவுரிமை, யார் கப்பலேறி இந்தியாவுக்குப் போவது, எல்லாவற்றையும் வேறு யாரோதான் தீர்மானித்தார்கள். கடைசியில் ஒரு மனுஷனின் மூச்சை நிறுத்துவதற்கு மட்டும் உங்கள் விருப்பமாம். இதை அப்படியே அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மிஷின் இருந்திருந்தால் ஒரு சுவிட்ச் இருந்திருக்கும். யாரோ ஒரு உத்தியோகத்தர் அதைத் தட்டிவிட்டுப் போயிருப்பார். எங்களுக்குச் சுவிட்ச் என்பது ஒருத்தருடைய கை. யார் கையில் இருக்கும்போது பை நிற்பது? தலைவர் வராந்தாவில் நின்று தலையைச் சொறிந்தார். "வுட்டாலும் பாவம், வுடாட்டியும் பாவம், நான் என்னாத்த சொல்ல?" என்றார். அதன் பிறகும் பெரட்டில் ஆள் பிரிப்பது நிற்கவில்லை. ஒருவர் அமுக்கிக் களைத்ததும் அடுத்தவர் கையில் கொடுப்பார். கொடுத்ததும் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், தன் முறையில் ஒன்றும் ஆகவில்லை என்று. நானும் அதையேதான் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடவுளே, என் கையில் வேண்டாம்.

அக்காவின் மாமியாருக்கு வேறு கவலை. மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தக் குழாயையே முறைத்துக்கொண்டிருப்பாள். "வாயை அடைச்சு வச்சிருக்காங்களே. உசுரு போற நேரத்துல எப்பிடிடி பால் ஊத்துறது?" என்று என்னைப் பிடித்துக் கேட்பாள். உயிர் பிரியும் நேரத்தில் சொந்த ரத்தம் வாயில் ஒரு மிடறு பால் விட வேண்டும். பால் இறங்காமல் போனவன் தாகத்தோடு அலைவான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. செத்த பிறகு ஊற்றுகிற பாலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அக்காவுக்கும் அந்த நம்பிக்கை உண்டு. நிறுத்துவது என்று வந்தால் பால் ஊற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். குழாய் இருந்தால் பால் ஊற்ற முடியாது, குழாயை எடுத்தால் மூச்சு இருக்காது. இந்த முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை. பை மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தது.

வெலிமடையிலிருந்து ஒரு சிங்கள விவசாயியை ஒரு மத்தியானத்தில் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்தவர். முதுகில் கட்டியிருந்த தகரம் ஒழுகி, மருந்து உடம்பெல்லாம் ஊறிவிட்டது. வாயில் நுரை, தலையோடு குளித்த மாதிரி வியர்வை. கூட வந்த பெண்சாதியின் கையில் கிழங்குத் தோட்டத்து மண் காயவில்லை. டாக்டர் ஊசி மேல் ஊசி போட்டார். மருந்து வேலை செய்யும், ஆனால் அதுவரை மூச்சு தாங்காது, பை வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு பை ஆபரேஷன் அறையில், வயிறு திறந்து கிடந்த ஒரு பெண்ணுக்குப் போயிருந்தது. டாக்டர் வெலிமடைக்காரருக்கும் ஒரு குழாயை இறக்கி, அதில் தன் வாயை வைத்து ஊதினார். பிறகு அட்டெண்டனை ஊதச் சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"அந்த மனிதர் பிழைக்கக்கூடியவர். உங்கள் கணவர் பிழைக்கமாட்டார். இருப்பது ஒரு பை" என்றார். "கேட்காமல் எடுத்தால் அது களவு. கேட்காமலே இருந்தால் அவர் செத்துப்போவார். அதனால் கேட்கிறேன்."

இதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. எப்படியோ சொல்லி முடித்தேன்.

அக்கா எழுந்து போய் அந்தக் கட்டிலைப் பார்த்தாள். அட்டெண்டன் கண் பிதுங்க ஊதிக்கொண்டிருந்தான். வெலிமடைக்காரரின் பெண்சாதி, யாரிடம் என்ன கேட்கப்படுகிறது என்றே தெரியாமல், அக்காவைப் பார்த்தும் கும்பிட்டாள். அந்த நேரத்தில் அவள் சுவரைப் பார்த்தும் கும்பிட்டிருப்பாள்.

"பால் ஊத்திட்டு எடுத்துக்கச் சொல்லு" என்றாள் அக்கா.

சொன்னேன். "அவ்வளவு நேரமில்லை" என்றார் டாக்டர்.

அக்கா மச்சானின் கட்டிலுக்கு வந்தாள். பை அப்போது எங்கள் பக்கத்துக் காம்பராக்காரர் கையில் இருந்தது. அக்கா அவர் கையைப் பிடித்து, விரல் விரலாகப் பையிலிருந்து எடுத்தாள். "போதும்ணே. வுடுங்க" என்றாள். அவர் அழுதுவிட்டார். டாக்டர் பையைக் கழற்றிக்கொண்டு ஓடினார். மிஸ்ஸி மச்சானின் தொண்டையிலிருந்த குழாயை இழுத்து எடுத்தாள்.

நான் பாலுக்கு ஓடினேன். கேட்டுக்கு வெளியே ஒரு நானாவின் தேத்தண்ணிக் கடை இருந்தது. முஸ்லிம் கடைக்காரர்களை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். பால் வேணும் என்றேன். அவர் பழக்கதோஷத்தில் "சீனி போடவா மகள்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் மேலே ஒன்றும் கேட்காமல் கிளாஸை நீட்டிவிட்டார்.

திரும்பி வந்தபோது வார்டில் ஒரே கூச்சல். மச்சான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அதை மூச்சு என்று சொல்லலாமா தெரியவில்லை. தாடை இழுக்கும், கொர்ரென்று ஒரு சத்தம் வரும், பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை. போய்விட்டார் என்று நினைக்கும்போது மறுபடி ஒன்று. சாகிற உடம்பு அப்படிச் சில இழுப்பு இழுக்கும், அதில் ஆள் இல்லை என்று பல வருஷம் கழித்து வேறொரு டாக்டர் எனக்கு விளக்கினார். அன்று எங்களில் யாருக்கு அது தெரியும்?

"எம்புள்ள உசுரோட இருக்கான்! பையத் திருப்பி வாங்குங்கடா!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். தலைவரும் அன்றைக்கு முறைக்கு வந்திருந்த ஆட்களும் வெலிமடைக்காரரின் கட்டிலைப் பார்த்து நடந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. இத்தனை நாளாகத் தங்கள் மூச்சைப் பார்த்துப் பார்த்து ஒருவருக்குக் கொடுத்து வைத்திருந்தவர்கள். "நம்ம லயத்தக் கொளுத்துன சாதிக்கா குடுத்தே?" என்று ஒருவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார். கலவரத்தில் சிங்களக் கும்பல்கள் லயங்களுக்குத் தீ வைத்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அந்தப் பயமும் அந்தக் கோபமும் அப்போது எல்லாரிடமும் இருந்தன, என்னிடமும்தான். டாக்டர் பையை அமுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

அக்கா குறுக்கே போய் நின்றாள். "நான் குடுத்தது. இனி அது நம்மளுது இல்ல. யாரும் கை வைக்கக் கூடாது."

"பாவி, அங்க உம்புருசன் மூச்சு வுடுறான்டி!" என்றாள் மாமியார்.

"தெரியும் அத்தை. எனக்கும் கேக்குது."

தலைவர்தான் முதலில் பின்வாங்கினார். அட்டெண்டன் எல்லா ஆட்களையும் வராந்தாவுக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினான். மச்சானின் கட்டிலருகே அக்காவும் மாமியாரும் நானும் மிஸ்ஸியும்தான் மிச்சம்.

நான் பால் கிளாஸை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "மூச்சு வர்றப்ப ஊத்துனா பொரையேறிச் செத்துருவாரு. என் கையால மாட்டேன்" என்றாள். பால் ஊற்றாமல் விடமாட்டேன் என்று நின்றவள் அவள்தான். பையை எடுக்க முடிந்த கையால் பாலை ஊற்ற முடியவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அக்காவுக்கு அது உடம்பிலேயே தெரிந்தது, அவ்வளவுதான்.

மாமியார் கிளாஸைப் பிடுங்கினாள். மகனின் வாயைத் திறந்து, "குடிச்சிட்டுப் போ ராசா" என்று ஊற்றினாள். ஒரு மிடறு இல்லை, கிளாஸ் முழுக்க. மார்பெல்லாம் வழிந்தது. தொண்டையில் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு இழுப்பு வரவில்லை. மிஸ்ஸி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு திரும்பி ஜன்னலைச் சாத்தப் போனாள்.

மரத்திலிருந்து விழுந்த சாவு என்பதால் மறுநாள் மரண விசாரணை. பிரேத அறைக்கு வெளியே விசாரணை அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். தோட்டத்திலிருந்து லொறி நிறைய ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். அதற்கு முன்பே டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, பையைப் பற்றி எதுவும் பேச வேண்டாம் என்று உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், வீண் சிக்கல் என்றார். சிக்கல் யாருக்கு என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அவர் வெலிமடைக்காரரின் பக்கத்திலிருந்து எழுந்து வந்திருந்தார், கண் இரண்டும் தூங்காமல் சிவந்து கிடந்தன. விட்டுவிட்டேன்.

மாமியார் விடவில்லை. "எம்புள்ளையக் கொன்னது இவதான்! பையப் புடுங்கி எவனுக்கோ குடுத்தா!" என்று எல்லார் முன்னாலும் மண்ணை வாரித் தூற்றினாள். என்ன சொல்கிறாள் என்று அதிகாரி என்னைக் கேட்டார். பொலிஸ்காரருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், மறைக்க வழியில்லை. சொன்னேன். உடனே பொலிஸ்காரர், வார்டில் மூச்சு இருக்கும்போதே நோயாளிக்குப் பாலும் ஊற்றினார்களாமே, அது யார் என்று கேட்டார். அந்தப் பேச்சு எப்படியோ வெளியே வந்திருந்தது.

அதை நான் தமிழில் சொன்னேன். மாமியார் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு பொலிஸ்காரரின் காலில் இருந்த சப்பாத்தையே பார்த்தாள்.

"நான்தான்" என்றாள் அக்கா. "பைய எடுத்ததும் நான்தான், பால ஊத்துனதும் நான்தான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அதை நான் சிங்களத்தில் சொல்லவில்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "அப்பிடியே சொல்லு" என்றாள். சொன்னேன்.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு மரணம் என்று எழுதி, பிரேதத்தை எடுத்துப் போகலாம் என்றார். அக்கா சொன்னதில் ஒரு சொல்கூட அதில் ஏறவில்லை. அதிகாரிக்கு வேண்டாத அந்தப் பேச்சு, சுற்றி நின்றவர்களோடு லொறியேறித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

வெலிமடைக்காரர் பிழைத்துக்கொண்டார். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள், தானே நடந்துபோய் பஸ் ஏறினார் என்று மிஸ்ஸி பிறகு என்னிடம் சொன்னாள். அக்காவிடம் வந்து சொன்னேன். "நல்லது" என்றாள். அதில் அவளுக்குச் சந்தோஷம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு அக்கா குடத்தோடு போனால் மற்றப் பெண்கள் விலகி நிற்பார்கள். "பையப் பறிச்சது பத்தாதுன்னு, மூச்சு இருக்கையிலேயே பால ஊத்திக் கொன்னுட்டா" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். நாளாக நாளாக அவளே அதை நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன். அந்தக் கிழவி மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை. ஒரு நாள் அக்காவின் காம்பராவில் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் கிழவி யாரிடமோ அதையே சொல்வது என் காதில் விழுந்தது. இன்றைக்கு உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன் என்று எழுந்தேன். அக்கா கதவில் கையை வைத்து மறித்தாள்.

"வுடு தங்கச்சி. பெத்த வயிறு. தன் கையாலதான் ஆச்சுன்னு தெரிஞ்சா அவங்க எப்பிடிச் சோறு அள்ளித் தின்னுவாங்க?"

"நீ எப்பிடித் தின்னுவே?"

அவள் போய் உலையில் அரிசியைப் போட்டாள். மாமியாருக்கும் சேர்த்துத்தான் போட்டாள். அந்தக் கிழவி அவளோடுதான் இருந்தாள், சாகும்வரை அவள் கையால் போட்ட சோற்றைத்தான் தின்றாள்.